பதினேழாம் இருக்கையின் வெட்கம்

வைஃபை அலைகள் ஒரு மனிதர் மேல் பட்டுத் திரும்பும்போது சும்மா திரும்புவதில்லை. அவருடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் முகத்தில் ஏறும் ரத்தத்தையும் கொஞ்சம் தொட்டுக்கொண்டுதான் திரும்புகின்றன. இது தெரியவந்ததும் மற்ற ஊர்க்காரர்கள் கருவியை ஆஸ்பத்திரிகளில் மாட்டினார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே கருவேலங்காட்டை வெட்டிக் கட்டிய எங்கள் பொறியியல் கல்லூரி அதைப் பரீட்சை ஹாலில் மாட்டியது.

கருவியின் பெயர் 'மெய்ப்பாடு'. அது அளந்தது ஒரே ஒரு சங்கதியை: வெட்கம். தப்பு செய்கிறவன் உள்ளுக்குள் கூசுவான், கூசினால் முகத்தில் ரத்தம் ஏறும், மூச்சு ஒரு கணம் நிற்கும், கழுத்து தாழும், அலை அதைப் பிடித்துவிடும் என்று விற்க வந்தவர் விளக்கினார். வாழ்க்கையில் ஒருமுறையாவது காப்பி அடித்த ஒருவரைக் கம்பெனி கலந்து பேசியதாகத் தெரியவில்லை. பூஜ்யத்திலிருந்து நூறு வரை அளவு. எழுபதைத் தாண்டினால் அந்த இருக்கை திரையில் சிவப்பாகும். தாண்டாவிட்டால் பச்சை. ஆளே வராவிட்டாலும் பச்சைதான். வெட்கம் இல்லாதவருக்கும் ஆள் இல்லாத நாற்காலிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கம்பெனி கொடுத்த கையேட்டில் இது ஒரு குறையாகக் குறிக்கப்படவில்லை.

ஹால் கூரையில் வட்டமாக, வெள்ளையாக ஒட்டியிருந்த கருவிக்கு நாங்கள் அப்பளம் என்று பெயர் வைத்தோம். மற்ற அறைகளிலும் வைஃபைக்கு இதே அப்பளங்கள்தான். எல்லா அப்பளங்களின் கேபிள்களும் பரீட்சைப் பிரிவு அறையில் இருக்கும் கன்ட்ரோலர் என்ற பெட்டிக்கு வந்து சேரும். பெட்டியில் கேபிள் செருக எட்டு போர்ட்டுகள். எந்த போர்ட்டில் எந்த அறை வருகிறது என்று பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டும். இன்டர்ஃபேஸ் என்று அதற்குப் பெயர். 'ஐந்தாம் போர்ட்டில் வருவது பி ஹால்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஐந்தில் எதைக் கொண்டுபோய்ச் செருகினாலும் பெட்டி அதை பி ஹால் என்றே நம்பும். எழுந்து போய் எட்டிப் பார்க்க அதற்குக் கால் கிடையாது.

இந்த வேலைக்கு ஆள் வைத்தால் செலவு என்பதால் கோமதிநாயகத்தை வைத்தார்கள். நாயகம் கடைசி வருடம். நெட்வொர்க் மன்றத்தின் தலைவன். மன்றத்தில் அவன் ஒருவன்தான் உறுப்பினர் என்பதால் தேர்தல் அமைதியாக நடந்தது.

ஆயுத பூஜைக்குப் பரீட்சைப் பிரிவின் பொறுப்பாளர் தங்கதுரை சார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"எல நாயகம், வயரெல்லாம் உருவு. தொடச்சுப் பொட்டு வைக்கணும்."

"இந்தப் பெட்டிக்குமா சார்?"

"பஸ்ஸுக்கு வைக்கோம், பிரிண்டருக்கு வைக்கோம். இதுக்கு மட்டும் வைக்கலன்னா இது என்ன நெனைக்கும்?"

பெட்டி என்ன நினைக்கும் என்பது நாயகத்துக்கும் தெரியாததால் உருவினான். சார் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகச் சந்தனம் இட்டு, மேலே குங்குமம் வைத்தார். போர்ட்டின் நம்பர் அச்சிட்டிருந்த இடம்தான் பொட்டுக்குத் தோதாக இருந்தது. தீபாராதனை முடிந்து வராந்தாவில் பொரிகடலை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தீர்ந்துவிடும் என்ற அவசரத்தில் நாயகம் கேபிள்களை ஞாபகத்தில் இருந்தபடி திரும்பச் செருகிவிட்டு ஓடினான். எல்லா அறையிலும் வைஃபை வந்தது. வைஃபை வந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் அதற்குமேல் எதையும் யாரும் சோதிப்பதில்லை.

நவம்பரில் செமஸ்டர் பரீட்சை. அன்று நாயகத்துக்குப் பரீட்சை இல்லை. அவன் எடுத்த விருப்பப் பாடம் வேறு. அதனால் அவனைப் பரீட்சைப் பிரிவில் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அங்கே ஏசி உண்டு. தங்கதுரை சார் டீயும் வடையும் வரவழைத்தார்.

"சாப்பிடுல. இனிமே நீ நம்ம ஆளு."

நாயகம் வடையைக் கையில் வாங்கினான். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஹாலில் வேர்த்து வழிந்து எழுதுகிறார்கள், நாம் ஏசியில் வடையோடு அவர்கள் முகத்தை வேவு பார்க்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. வடையைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்தான். திரையில் பி ஹால் முழுக்கப் பச்சை. பதினேழாம் இருக்கை மட்டும் நாற்பதைக் காட்டியது.

"யார்ல அது பதினேழு?"

"முத்துப்பேச்சி சார்."

"கடலமிட்டாய்க்காரர் மகளா? நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே."

பேச்சி மூன்று வருடமாக நாயகத்துக்கு லேப் பார்ட்னர். சர்க்யூட்டை அவள் போடுவாள். அவுட்புட் வந்ததும் இவன் ஒரு ஜோக் அடிப்பான். வேலையை அப்படித்தான் பங்கிட்டிருந்தார்கள். அவள் அப்பா கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு பேப்பரில்கூடத் தவறாமல் முடித்தால் ஜூனில் போய்ச் சேர வேண்டியதுதான்.

"மெஷின் தப்பாக் காட்டுதோ என்னமோ சார்."

"இன்டர்ஃபேஸ் எல்லாம் போட்டது நீதான? நீ போட்டது தப்புங்கியா?"

இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெட்வொர்க் மன்றத் தலைவனுக்கு அது வாயில் வரவில்லை.

"இல்ல சார். சரியாத்தான் இருக்கும்."

ஐம்பத்தெட்டு. பேச்சியா காப்பி அடிக்கிறாள் என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. அப்படியே அடித்தாலும் அதைக் காட்டிக்கொடுக்கிற இடத்திலா நாம் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று இன்னொரு பக்கம் கேட்டது. காது மடல் சுட்டது. ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டினான். அறுபத்தாறு.

"எழுபதத் தாண்டிட்டு பாரு. காப்பின்னு உறுதிப் பொத்தான அமுக்கு."

"நீங்க அமுக்குங்க சார்."

"ஆபரேட்டர்னு உன் பேர்தான்ல போட்டிருக்கு. நான் அமுக்கினா அது முறைகேடு."

அவன் தயங்கத் தயங்க எண் ஏறியது. எண் ஏற ஏற அவனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தொண்ணூற்றொன்றில் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

பேச்சியை எழுப்பி, எல்லார் முன்னாலும் வெளியே கூட்டிப்போய்த் தேடினார்கள். துண்டுச் சீட்டு இல்லை, போன் இல்லை, கையில் எழுத்து இல்லை. ஒன்றுமே கிடைக்காதது அவள் எவ்வளவு கைதேர்ந்தவள் என்பதற்கு ஆதாரமாயிற்று.

மறுநாள் விசாரணை. அதே பரீட்சைப் பிரிவு அறை. பிரின்சிபால், தங்கதுரை சார், தலையாட்டுவதற்காக இரண்டு பேராசிரியர்கள். நாயகம் நேற்றைய பதிவைக் காட்டுவதற்காக அதே நாற்காலியில், அதே திரைக்கு முன்னால். குற்றம் உறுதியானால் மூன்று செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. பெங்களூர் அவ்வளவு நாள் காத்திருக்காது.

"ஏம்மா, மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் பிரின்சிபால்.

"மெஷினப் பத்தி எனக்குத் தெரியாது சார். நான் பொய் சொல்லல" என்றாள் பேச்சி.

"தொண்ணூத்தொண்ணு காட்டிருக்கு. கணக்குப் பேப்பர்ல கூட நீ அவ்வளவு எடுத்திருக்க மாட்ட."

"தொண்ணூத்தாறு சார்."

தலையாட்டப் பழகியிருந்த பேராசிரியர் ஒருவர் தெரியாமல் இதற்கும் தலையாட்டிவிட்டு நிறுத்தினார்.

அப்போது அவள் அப்பா சங்கரபாண்டியை உள்ளே அழைத்தார்கள். செருப்பை வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்தார். சலவைச் சட்டையையும் மீறி வெல்லப்பாகு மணத்தது. என்ன குற்றச்சாட்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே மேஜைக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்.

"ஐயா, சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிட்டு. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்ருங்க."

"எப்பா, நான் பண்ணலங்கேன்! நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கிய?"

"நீ சும்மா இரு தாயி. ஐயா, எங்க வீட்ல இதுதான்யா முதல்ல படிச்ச புள்ள. உங்க கால்ல விழுந்து கேக்கேன்."

சொன்னபடியே விழுந்தார். பிரின்சிபால் தம் ஷூவைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். மற்றபடி யாரும் அசையவில்லை.

நாயகத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தான்.

திரையில் பி ஹால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சாவி சாருடைய தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. காலையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. ஆனால் பூட்டிக்கிடக்கிற அந்த ஹாலில், இருபத்திரண்டாம் இருக்கையில், யாரோ சாகிற அளவுக்குக் கூசிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றேழு.

சங்கரபாண்டி எழுந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். சிவப்பு இருபத்திரண்டை விட்டு இருபத்து மூன்றுக்கு நகர்ந்தது.

நாயகம் அவரைப் பார்த்தான். பெட்டியில் காய்ந்து ஒட்டியிருந்த பொட்டுகளைப் பார்த்தான். பொரிகடலைக்கு ஓடியது ஞாபகம் வந்தது. அதே நொடியில் திரையில் பதினேழு சிவந்தது.

இந்த நாற்காலிதான் பதினேழு. நேற்றும் இங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாரும் திரையைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து கேபிளை மாற்றிவிட்டால் மெஷினும் சரி, மன்றமும் சரி, அவனுக்கு வரப்போகிற வேலையும் சரி. இதை அவன் நினைத்தான். நினைத்ததோடு நிற்காமல் மவுஸை நகர்த்தித் திரையில் பி ஹால் ஜன்னலைச் சுருக்கியும்விட்டான். பின்னால் எங்களிடம் சொல்லும்போது, அமுக்கியதைக்கூடச் சொல்லிவிட்டான், சுருக்கியதைச் சொல்லத்தான் அவனுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"எப்பா, வாங்கப்பா போவோம்" என்றாள் பேச்சி. குரல் உடைந்திருந்தது. அவள் குரல் உடைந்து நாயகம் கேட்டதேயில்லை.

"சார்" என்றான் நாயகம். "பதினேழு அவ இல்ல சார். நான்."

"என்னல உளறுத?"

"பி ஹால் கேபிளும் இந்த ரூம் கேபிளும் மாறிக் கெடக்கு சார். பூஜையன்னைக்குப் பொட்டு வச்சதுல நம்பர் மறைஞ்சுட்டு. நான் பாக்காமச் செருகிட்டேன். பெட்டி இந்த ரூம் அப்பளத்த பி ஹால்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு. நேத்து இங்க இருந்து அவளப் பாத்து நான் கூசினேன். அது அவ கணக்குல ஏறிட்டு. ஏறினதப் பாத்து இன்னும் கூசினேன். இன்னும் ஏறிட்டு."

"அப்பளமா?" என்றார் பிரின்சிபால்.

"பொட்டு வச்சது தப்புங்கியா நீ?" என்றார் தங்கதுரை சார்.

நாயகம் நகத்தால் பொட்டுகளைச் சுரண்டினான். ஐந்தாம் எண்ணுக்கு மேலே பரீட்சைப் பிரிவின் கேபிள். ஆறாம் எண்ணுக்கு மேலே பி ஹாலின் கேபிள். இரண்டையும் மாற்றிச் செருகினான். பிறகு, இந்த அறையின் வரைபடத்தையே திரையில் போட்டான். அறையில் ஏழு பேர். திரையில் ஏழு புள்ளிகள்.

சுவரோரம் ஒன்று சிவப்பு. கணினி நாற்காலியில் ஒன்று சிவப்பு. பேச்சி பச்சையாக இருந்தாள். அவளுக்கு இருந்தது கோபம். கோபத்துக்கு அந்த மெஷினில் கலர் கிடையாது. அடுத்த வெர்ஷனில் வருமாம்.

மேஜையைச் சுற்றி இருந்த நான்கும் இளம் நெல்நாற்று மாதிரி, கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை.

பிரின்சிபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா தங்கதுரை? நம்ம ஸ்டாஃப் நாலு பேரும் பச்ச. மெஷின் கரெக்டாத்தான்யா வேலை செய்யுது."

இரண்டு பேராசிரியர்களும் தலையாட்டினார்கள்.

பேச்சி நாயகத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து என்னப் பாத்து வெக்கப்பட்டியோ?"

"ஆமா."

"தொண்ணூத்தொண்ணு அளவுக்கு."

"ஆமா பேச்சி."

"அவ்வளவு வெக்கப்பட்டவன் எந்திச்சு வந்து, ஏட்டி என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? ரெண்டு ரூம் தள்ளித்தான இருந்தேன்? நீ பாட்டுக்கு வெக்கமும் படுவ, பொத்தானையும் அமுக்குவ. உன் வெக்கத்த வச்சு நான் என்னல செய்ய?"

 

பேச்சிக்குத் தண்டனை ரத்து. விட்டுப்போன பேப்பரை மறுநாளே எழுதிக்கொள்ளலாம் என்றார் பிரின்சிபால், தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற தோரணையில். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. தொண்ணூற்றொன்று என்று பதிவாகிவிட்ட ஒரு குற்றத்தை யார் பெயரிலாவது முடிக்காமல் மெஷின் விடாது.

"உன் வெக்கந்தான? உன் பேர்லயே போட்ருதேன்" என்றார் தங்கதுரை சார். "என்ன தப்புன்னு கேக்கு. துண்டுச் சீட்டு, செல்போன், பக்கத்து ஆளோட பேசினது. எத அமுக்க?"

"பேசாம இருந்ததுன்னு இருக்கா சார்?"

"இல்லல."

"அப்ப மத்தவைன்னு போட்ருங்க."

மத்தவை என்றால் ஒரு செமஸ்டர் ரத்து. நாயகத்தின் வேலையும் அதோடு போயிற்று. சார் பொத்தானை அமுக்கினார். இந்தமுறை அது முறைகேடாக இல்லை.

சங்கரபாண்டிக்கு இந்தப் பேச்சில் பாதி புரியவில்லை. தாம் வந்ததும் கருவி தாறுமாறாகக் காட்டியது, அதனால் பையன் ஒருவனுக்குத் தண்டனை ஆகிவிட்டது என்ற அளவில் புரிந்துகொண்டார். ஒவ்வொருவராகப் போய்க் கும்பிட்டார்.

"ஐயா, என்னால உங்களுக்கெல்லாம் சிரமம். நான் உள்ள வராம வெளியவே நின்னுருக்கணும்."

பிரின்சிபாலிடம் சொன்னார். பேராசிரியர்களிடம் சொன்னார். கடைசியாக நாயகத்திடம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை பாகு பட்டுப் பட்டுத் தழும்பேறிக் கெட்டியாக இருந்தது.

"தம்பி, மெஷினு என்னாலதான் கெட்டுதுன்னு நானே வேணா சொல்லுதேன். உங்கள விட்ருவாவளா?"

திரையில் அவருடைய புள்ளியும் இவனுடைய புள்ளியும் ஒட்டி ஒரே சிவப்பாகத் தெரிந்தன. பேச்சி வந்து அப்பாவின் கையைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சிவப்பில் பாதி வாசலைத் தாண்டி வரைபடத்தை விட்டு வெளியே போயிற்று. மிச்சப் பாதி நாற்காலியிலேயே இருந்தது.

எல்லாரும் டீக்கு எழுந்தார்கள். வாசலில் நின்று பிரின்சிபால் திரும்பினார்.

"தம்பி, இனிமே நீ இந்தப் பக்கம் வரக் கூடாது. வெக்கப்படுத ஆள வச்சு இந்த மெஷின ஓட்ட முடியாது. பச்ச காட்டுதவங்கதான் ஆபரேட்டரா உக்காரணும். சர்க்குலர் போடுதேன். ஆனா போறதுக்கு முன்னாடி அந்த போர்ட்டெல்லாம் இனி மாறாம சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிரு. வேற யாருக்கும் தெரியாது."

நாயகம் தனியாக உட்கார்ந்து சரி பண்ணினான். ஒரு போர்ட்டில் ஒரு இன்டர்ஃபேஸ்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் ஒன்றிலேயே கட்டலாம். ஏ ஹால், பி ஹால், டிராயிங் ஹால் எல்லாவற்றையும் எடுத்து ஆறாம் போர்ட்டில் கட்டினான். ஆறாம் போர்ட்டில் வருவது பரீட்சைப் பிரிவு அறை. அதாவது, இனி எந்த ஹாலின் வெட்கத்தைக் கேட்டாலும் மெஷின் தங்கதுரை சாரையும் அவரைப் பார்க்க வருகிறவர்களையும் அளந்து சொல்லும். ஹால்களில் வைஃபை வந்துகொண்டிருந்ததால் யாரும் எதையும் சோதிக்கவில்லை.

மறுநாள் பேச்சி எழுதினாள். தலைக்கு மேல் அப்பளம் அதுபாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் அதற்கப்புறமும் எல்லா ஹால்களும் எல்லா நாளும் பச்சை. கல்லூரி மாணவர்களின் ஒழுக்கம் ஒரே வாரத்தில் உயர்ந்துவிட்டதாகப் பிரின்சிபால் கூட்டம் போட்டுப் பேசினார். கம்பெனி கேடயம் அனுப்பியது. அதை வாங்கிவைத்த மேஜையைச் சுற்றி நான்கு பேரும் லட்டு சாப்பிட்டார்கள். அப்போதும் பச்சைதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. பரீட்சை நடக்கும் நேரத்தில் வெட்கமுள்ள ஒருவர் அந்த அறைக்குள் போய்விடக் கூடாது. போனால் ஏதோ ஒரு ஹாலில் எவனோ ஒரு பாவப்பட்டவன் சிவந்துவிடுவான். கல்லூரியின் நிர்வாகத்தை நம்பித்தான் நாயகம் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தான். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

பேச்சி ஜூனில் பெங்களூர் போனாள். போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. நாயகம் ரத்தான செமஸ்டரைத் திரும்ப எழுத அடுத்த நவம்பரில் வந்தான். ஹால் டிக்கெட்டில் பரீட்சைப் பிரிவின் கையெழுத்து வேண்டும். போன நேரம் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில், அப்பளத்தின் அலை எட்டாத தூரம் எது என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அந்த இடத்தில் நின்றான். ஹால் டிக்கெட்டைக் கைநீட்டிக் காட்டினான்.

தங்கதுரை சார் திரைக்கு முன்னால் வடை தின்றுகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் சிரித்தார். அவருக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

"எல நாயகம், ஏன் அங்கனயே நிக்க? உள்ள வந்து வாங்கிட்டுப் போல. இன்னும் என்ன வெக்கம்?"